வீடு சேலத்தில், ஓனர் கனடாவில்: மலையில் கட்டலாமா, ஊரில் கட்டலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். கேட்டவர் சேலத்துப் பெண். குடும்பத்தோடு கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறார். கனடா குடியுரிமை வாங்கிவிட்டார், கையில் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 2,400 சதுர அடி மனை ஒன்று கன்னங்குறிச்சியில் காலியாகக் கிடக்கிறது. இதற்கிடையில் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒருவர் காப்பித் தோட்டத்திலிருந்து 40 சென்ட் பிரித்துத் தருவதாகச் சொல்கிறார். கணவருக்கு மலை மேல் ஆசை. அம்மாவுக்கு ஊரைவிட்டு நகர மனமில்லை. தம்பி, "நான் பாத்துக்கறேன், பணத்தை மட்டும் அனுப்பு" என்கிறார். எங்கே கட்டுவது, கனடாவில் இருந்துகொண்டே கட்டி முடிக்க முடியுமா, எப்போது ஆரம்பிப்பது என்பது கேள்வி.

நான் சேலத்தில் கட்டட வேலை பார்க்கும் இன்ஜினியர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது என் தொழிலில் பாதி. கன்னங்குறிச்சியில் கட்டுங்கள், ஏற்காட்டை விட்டுவிடுங்கள் என்பது என் பதில். மலை பிடிக்காமல் சொல்லவில்லை. அந்த நிலத்தை வாங்க உங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வெளிநாட்டில் வாழும் இந்தியரும் ஓசிஐ அட்டைக்காரரும் இந்தியாவில் வீடு, மனை, கடை எல்லாம் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூன்றையும் வாங்கக் கூடாது. ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி அது. காப்பி பயிராகும் 40 சென்ட் தோட்ட நிலம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். விற்பவர் "ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிடும், கவலைப்படாதீங்க" என்பார். உண்மைதான், ஆகிவிடும். பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் ஓசிஐ அட்டையைப் பார்த்து ஃபெமா பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பத்திரம் பதிவானதால் மீறல் சரியாகிவிடாது. தொகையைக் கணக்கிட முடிகிற மீறலுக்கு அதைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு.

இங்கே பலர் தடுமாறுகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. விவசாய நிலமோ தோட்டமோ வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அம்மா பெயரில் தோட்டம் இருந்து, உயில் மூலமாக உங்களுக்கு வந்தால் செல்லும். அதே தோட்டத்தை அம்மா உயிரோடு இருக்கும்போதே தானமாகவோ செட்டில்மென்டாகவோ எழுதிக் கொடுத்தால் செல்லாது. அப்படி வாரிசாக வந்த தோட்டத்தைப் பிறகு விற்பதானாலும், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

அடுத்த யோசனை எல்லோருக்கும் வருவதுதான்: "சரி, தம்பி பெயரில் வாங்கிப் போட்டுவிடலாமே?" வேண்டாம். உங்கள் பணம், தம்பி பெயர் மட்டும் என்றால் அது பினாமி. மனைவி பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் கணக்கில் வந்த பணத்தில் வாங்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. உடன்பிறந்தவர் விஷயத்தில் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் விலக்கு. தோட்டத்தில் உங்கள் பெயரை எழுத முடியாது என்பதால் அந்தக் கதவும் மூடிவிட்டது. 2016இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தில் ஓர் ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிமுதல். தம்பிக்கு மனதாரப் பணம் கொடுத்து, அவர் தனக்கென்று ஒரு தோட்டம் வாங்கினால் அது வேறு கதை. அப்போது அது அவர் தோட்டம். நீங்கள் லீவுக்குப் போய்த் தங்கலாம், அவ்வளவுதான்.

மலைமேல் வீட்டு மனையாகவே அனுமதி வாங்கிய லேஅவுட்டில் மனை வாங்கலாமே என்று உங்கள் கணவர் கேட்பார். வாங்கலாம், தடையில்லை. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிறது. 1990இல் அமைத்த அந்த ஆணையத்தின் ஒப்புதல் இல்லாத மனைப் பிரிவு, எவ்வளவு அழகாக கேட் போட்டு ரோடு போட்டிருந்தாலும், வெறும் தோட்டம்தான். சில இடங்களில் அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலமும் விற்பனைக்கு வரும். பட்டாவில் நிபந்தனை இருக்கிறதா, இருந்தால் என்ன என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மரம் வெட்டவும் அனுமதி, சரிவை வெட்டிச் சமப்படுத்தவும் அனுமதி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்தைக் குப்பனூர் பாதையில் திருப்பிவிட்டது நினைவிருக்கும். அம்மாவுக்கு நடு இரவில் நெஞ்சு வலி என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் பனிமூட்டத்தின் ஈரம் புகுந்து பீரோவும் மெத்தையும் பூசணம் பிடிப்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஏற்காட்டுக்கு விருந்தாளியாகப் போவதே லாபம்.

இனி கன்னங்குறிச்சி. மனை அப்பா பெயரில் இருக்கிறது என்றால் அது இன்னும் உங்கள் மனை ஆகவில்லை. உயில் இல்லாததால் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்பா இறந்தபோது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடும், வங்கியின் வக்கீல் மறக்க மாட்டார். முதல் வேலை வாரிசுச் சான்று. இ-சேவை மூலம் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கிடைக்கும். அதை வைத்து அம்மாவும் தம்பியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதலாம், அல்லது மூவரும் பாகப்பிரிவினை செய்துகொள்ளலாம். இது வீட்டு மனை என்பதால் மேலே சொன்ன தோட்டச் சிக்கல் இதற்கு இல்லை. குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வெளியாரிடம் மனை வாங்கினால் 7 சதவீதமும் 2 சதவீதமும் கட்ட வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்தால் இது மலிவு.

தம்பிக்கு அவர் பங்குக்கான ஈட்டைக் கொடுத்துவிட்டு எழுதி வாங்குங்கள். "நம்ம தம்பிதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கூட்டுச் சொத்தில் டாலரைக் கொட்டுவதுதான் நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் பாதிக்குக் காரணம். மண் யாருடையதோ கட்டடமும் அவருடையது என்றுதான் வழக்கில் வாதம் வரும். தம்பி மனைவியும் உங்கள் கணவரும் பேச ஆரம்பிக்கும் முன்பே பத்திரம் பேசிவிடட்டும். மாடியைத் தம்பி கட்டிக்கொள்ள ஆசைப்பட்டால் அதையும் இப்போதே எழுத்தில் கொண்டுவாருங்கள்: மாடிப்படி வெளியிலா உள்ளேயா, தண்ணீர்த் தொட்டி பொதுவா, இபி சர்வீஸ் தனியா, எல்லாம்.

பத்திரத்துக்குப் பிறகு பட்டா பெயர் மாற்றம், அதோடு வில்லங்கச் சான்று, புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்). மூலப்பத்திரம் அம்மாவின் பீரோவில் இருக்கிறதா, எங்காவது அடமானத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அப்பா காலத்தில் பிரித்த மனை என்றால் லேஅவுட் அனுமதி பெற்றதா என்று பார்க்க வேண்டும். அனுமதியற்ற மனை என்றால் 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்பா அப்போது கட்டணம் கட்டி உத்தரவு வாங்கியிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

புலப்படத்தில் இன்னொன்றையும் பாருங்கள். கன்னங்குறிச்சி சேர்வராயன் அடிவாரம். மலையில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி மூக்கனேரிக்கு வருகிறது, ஏரி நிரம்பினால் தாழ்ந்த பகுதிக்குள் வழிகிறது. உங்கள் மனைக்குப் பக்கத்தில் ஓடை, வாய்க்கால் என்று கோடு இருக்கிறதா? எதிர்வீட்டுக்காரரிடம் போய் பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தம்பியைக் கேட்டு வரச் சொல்லுங்கள், அவர் சுவரில் கையை வைத்தே காட்டுவார். ரோட்டிலிருந்து குறைந்தது மூன்று அடி உயரத்தில் தளம் வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயருகிறது, வீடு உயருவதில்லை.

அனுமதி இப்போது எளிது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரை தளமோ அதோடு ஒரு மாடியோ கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. இணையத்தில் ஆவணங்களை ஏற்றி, கட்டணம் கட்டினால் அனுமதி உடனே வந்துவிடும். சுயசான்று என்றால் பொறுப்பும் உங்களுடையது. வரைபடத்தில் விட்ட காலியிடத்தைக் கட்டும்போது விழுங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இதையெல்லாம் இங்கே உங்களுக்காக யாராவது செய்ய வேண்டும். அதற்கு பவர் பத்திரம். கனடாவிலிருந்து எழுதுவதானால் இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றோடு எழுதுவது பழைய வழி. 2024 ஜனவரி 11 முதல் ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு ஏற்க வழி செய்யும் அப்போஸ்டில் உடன்பாட்டில் கனடாவும் சேர்ந்துவிட்டதால் நோட்டரி, பிறகு அப்போஸ்டில் என்ற வழியும் திறந்திருக்கிறது. எந்த வழியானாலும் முதலில் இங்குள்ள பதிவு அலுவலகத்தில் எதை ஏற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். கூரியர் கவரை அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

பவரில் என்ன எழுதுவது என்பதில்தான் கவனம் தேவை. டைப்பிஸ்ட் கடையில் தயாராக இருக்கும் பொது அதிகாரப் பத்திரத்தில் விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட என்று உலகத்தில் உள்ள எல்லா அதிகாரமும் இருக்கும். வீடு கட்ட அவை எதுவும் தேவையில்லை. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க, மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் வாங்க, வரி கட்ட, பட்டா மாற்ற, நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, இவ்வளவு போதும். தம்பி மீது நம்பிக்கை இல்லையா என்று அம்மா வருத்தப்படலாம். தம்பிக்கு யாராவது கடன் கொடுக்க முன்வந்து, "அக்கா பவர் இருக்கே" என்று கை நீட்டும்போது அவரால் "அதுல விக்கற அதிகாரம் இல்லைங்க" என்று சொல்ல முடியும். அது அவருக்கும் பாதுகாப்புதான்.

பணம். தம்பியின் சேமிப்புக் கணக்குக்கு மாதம் மாதம் அனுப்பும் பழக்கத்தை இந்த வீட்டு விஷயத்தில் நிறுத்துங்கள். நெருங்கிய உறவு என்பதால் அவருக்கு வரி வராது, உண்மை. ஆனால் அந்தப் பணம் உங்கள் வீட்டுக்குள்தான் போனது என்பதற்கு நாளை தாள் இருக்காது. உங்கள் பெயரில் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான வங்கிக் கணக்குகள்) வைத்து அங்கிருந்தே கான்ட்ராக்டருக்கும் கம்பிக் கடைக்கும் நேராக அனுப்புங்கள். சேலத்தில் பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று இன்னும் உயிரோடு இருந்தால் அதை என்ஆர்ஓ-வாக மாற்றியாக வேண்டும். பின்னாளில் வீட்டை விற்றால் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி. விலைவாசிக் குறியீட்டைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2024 ஜூலைக்குப் பிறகு இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். அதனால் கட்டடச் செலவுக்கான ஒவ்வொரு பில்லும் உங்களுக்குக் காசு. விற்ற பணத்தை என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். கனடா பக்கமும் ஒன்று: நீங்கள் தங்கவென்று வைத்திருக்கும் வீட்டுக்கு வெளிநாட்டுச் சொத்து அறிக்கை தேவையில்லை. வாடகைக்கு விடத் தொடங்கினால், அடக்க விலை ஒரு லட்சம் கனடா டாலரைத் தாண்டும்போது அங்குள்ள வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், வாடகை வருமானத்தையும் காட்ட வேண்டும்.

கான்ட்ராக்ட் பேசும்போது சதுர அடி ரேட்டை மட்டும் கேட்டு ஒப்பிடுகிறவர்கள்தான் பின்னால் அதிகம் கொடுக்கிறார்கள். எதையெல்லாம் சதுர அடியில் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். போர்ட்டிகோவுக்கு முழு ரேட்டா பாதி ரேட்டா? மாடிப்படி மேல் அறை? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், போர், கேட் எல்லாம் பெரும்பாலும் அந்த ரேட்டில் இருக்காது. லேபர் கான்ட்ராக்ட் மட்டும் என்றால் தனி வீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மெட்டீரியலோடு என்றால் 18 சதவீதம். தூரத்தில் இருப்பவர்களுக்கு மெட்டீரியலோடு கொடுப்பதையே சொல்வேன். லேபரில் விட்டால் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கும் தம்பி ஓட வேண்டும், மூன்றாவது மாதம் அவர் வேலையும் கெட்டு உங்கள் உறவும் கசந்துவிடும்.

முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கடைக்கால் முடிந்து தளமட்டம் வந்தால், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை) வந்தால், கூரைக் கான்கிரீட் முடிந்தால், பூச்சு முடிந்தால் என்று வேலை நடந்த பிறகு பணம். கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழித்துக் கொடுங்கள். எழுத்தில் இருந்தால் எந்த நல்ல கான்ட்ராக்டரும் மறுக்க மாட்டார்.

கண்காணிப்புக்கு தினமும் வீடியோ கால் தேவையில்லை. கான்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்காத ஓர் இன்ஜினியரை உங்கள் பக்கத்திலிருந்து வையுங்கள். அவர் நான்கு சமயங்களில் வந்தால் போதும்: குழி தோண்டியதும், பில்லர் கம்பி கட்டியதும், கூரைக் கம்பி கட்டி கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாளும், பூச்சுக்கு முன்பு பைப்பும் வயரும் பதித்ததும். இந்த நான்கும் மூடிவிட்டால் திரும்பப் பார்க்க முடியாதவை. கூரைக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர், பில்லரில் 40 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் வைக்கும் கட்டை) இருக்க வேண்டும், டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கான்கிரீட் கட்டிகளை 28 நாளில் சோதனைக் கூடத்தில் உடைத்துப் பார்த்த அறிக்கையும் வேண்டும். கடைகளில் கிடைக்கும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு, சேலம் வெயிலில் 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். அறையின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் கூரைக்குக் கீழே கொடுத்த முட்டுகளை இந்த சிமென்ட்டில் பத்து நாளில் எடுக்கலாம், அதற்கு மேல் 20 நாள். அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று ஐந்தாவது நாளே பிரிக்கப் பார்ப்பார்கள்.

வீட்டை அம்மாவுக்காகப் போடுங்கள். அட்டாச்டு பாத்ரூமோடு அவர் அறை தரை தளத்தில், வாசலில் படியோடு ஒரு சரிவுப் பாதை. மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வேண்டாம், பிராம்ப்டனில் வெயிலுக்கு ஏங்குகிற கண்ணை இங்கே கொண்டுவரக் கூடாது. அந்தப் பக்கம் குளியலறை, ஸ்டோர் ரூம் என்று தள்ளுங்கள். மொட்டை மாடியில் சுட்ட மண் தட்டு ஓடு அல்லது வெள்ளை கூலிங் டைல்ஸ். ஓப்பன் கிச்சன் உங்கள் விருப்பம், ஆனால் மிளகாய் தாளித்தால் ஹால் முழுக்க இருமல்தான். சுவருக்கு மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கற்கள் இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கின்றன, முனை பிசகாமல் இருப்பதால் பூச்சில் மிச்சமாகும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அடிவாரத்தில் பாறை மேலாகவே வந்துவிடும் என்பதால் குழியின் ஆழத்தை மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா சில மாதம் உங்களிடம் வந்துவிட்டால் வீடு பூட்டிக் கிடக்கும். செம்மண்ணில் கரையான் பெரிய தொல்லை, கடைக்கால் கட்டத்திலேயே மருந்து அடித்துவிடுங்கள், பிறகு தரையைத் துளை போட்டுத்தான் அடிக்க முடியும். உள்ளே மர வேலைப்பாட்டைக் குறையுங்கள். பூட்டிய வீட்டில் பாத்ரூம் டிராப்பில் (கழிவுக் குழாய் வளைவில்) நிற்கும் தண்ணீர் வெயிலுக்கு வற்றிவிடும், அப்புறம் சாக்கடை வாடையும் கரப்பான்களும் உள்ளே வரும். மாதம் இரண்டு முறை யாராவது வந்து எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, போர் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும். அதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுங்கள், தம்பி மனைவி தலையில் கட்டாதீர்கள்.

எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அதன் நடுவில் ஆடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆடியில் வாஸ்து நாள் ஒன்று இருந்தாலும் நம் பக்கத்தில் பலர் அந்த மாதத்தில் வேலை தொடங்க மாட்டார்கள், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் கொத்தனார், சித்தாள் கிடைப்பதும் கஷ்டம். ஆவணி 6 வாஸ்து நாள், ஆகஸ்ட் 22ஐ ஒட்டி வரும். பள்ளி திறக்கும் முன்பு பூமி பூஜையை முடித்துக்கொண்டு நீங்கள் விமானம் ஏறலாம். அதற்குள் வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி நான்கும் கையில் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இந்த வாரமே தம்பியை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அப்பாவின் இறப்புச் சான்றில் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.